சேவல் குஞ்சா, பெட்டைக் குஞ்சா? எந்த வயதில் எதைப் பார்ப்பது

ஒரு வாரக் கோழிக்குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு "இது சேவலா, பெட்டையா?" என்று கேட்டால், பெரும்பாலும் நேர்மையான பதில் "பொறுங்க, இப்போ தெரியாது" என்பதுதான். கன்றுக்குட்டியைப் பார்த்ததும் சொல்வதுபோல இங்கே சொல்ல வழியில்லை. சேவலுக்கு விரை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தெரிவது எச்சம் போகும் ஒரே துவாரம். அதுவும் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே நிறம், இறகு வளரும் வேகம், கொண்டை, நிற்கும் தோரணை, குரல் என்று சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் ஒரு வயதில்தான் பேசும். ஒரு வாரக் குஞ்சில் கொண்டையைத் தேடுவதும், மூன்று வாரக் குஞ்சில் சிறகு நுனியை அளந்து பார்ப்பதும் வீண்வேலை. அதனால் வயது வரிசையிலேயே போவோம்.

முதலில் மூட்டை கட்ட வேண்டியவை

நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைக்கு மேல் தொங்கவிட்டு, அது வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல் என்பார்கள். குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால், தலையை நிமிர்த்துவது ஒன்று, தொங்கவிடுவது இன்னொன்று என்பார்கள். நீளமான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது ரொம்பப் பழைய கதை. நீண்டு கூரான முட்டையில் பெட்டை வரும் என்று எழுதினார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில்; அதே முட்டையில்தான் சேவல் வரும் என்று எழுதினார் ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா. இரண்டுமே தப்பு.

காரணம் எளிது. கோழி இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் பக்கம்தான் முடிவாகிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்); பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் எதைக் கொடுக்கிறது என்பது மஞ்சள் கரு சினைப்பையை விட்டு வெளியேறும் நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வெள்ளைக் கருவும் ஓடும் வடிவமும் அதற்குப் பிறகு வருபவை. இன்குபேட்டர் சூட்டைக் கூட்டிக் குறைத்து பெட்டைகளை வரவழைக்கலாம் என்பதும் நடக்காது. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் அப்படி உண்டு, கோழிக்குக் கிடையாது.

பிறகு ஏன் இவை பலிப்பதாகத் தோன்றுகிறது? பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவல், பாதி பெட்டை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாக வரும். சரியாக வந்ததை மட்டும் நாம் ஊருக்கெல்லாம் சொல்வோம்.

முதல் நாள்: இனத்தைக் கேளுங்கள்

குஞ்சை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால், கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் தகப்பன் எந்த இனம், தாய் எந்த இனம்? சில கலப்புகளில் பொரித்த அன்றே நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

அதிகம் காணப்படுவது சிவப்புச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் சேர்ப்பது. உதாரணமாக, ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு லைட் சசெக்ஸ் பெட்டை. இதில் பெட்டைக் குஞ்சுகள் பழுப்பு கலந்த பொன்னிறமாகவும், சேவல் குஞ்சுகள் வெளிறிய மஞ்சளாகவும் பொரிக்கும். இந்த நிற மரபணு இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் விஷயம். மகளுக்கு இசட் கிடைப்பது தகப்பனிடமிருந்து மட்டுமே, அதனால் அவள் தகப்பனின் பொன்னிறத்தை எடுத்துக்கொள்கிறாள். மகனுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொன்று வருகிறது. வெள்ளி பொன்னை அமுக்கிவிடுகிறது. ஆகவே எது தகப்பன், எது தாய் என்பது முக்கியம். வெள்ளிச் சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் வெளிறியே வரும், ஒன்றும் பிரிக்க முடியாது.

இன்னொன்று, அதே சிவப்புச் சேவலோடு பட்டை போட்ட பிளைமவுத் ராக் பெட்டையைச் சேர்ப்பது. குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகத்தான் வரும். ஆனால் சேவல் குஞ்சின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைக்கு இருக்காது.

தூய பிளைமவுத் ராக் குஞ்சுகளில் இரண்டுக்குமே பொட்டு உண்டு. பெட்டையின் பொட்டு சிறியது, ஓரம் தெளிவாக இருக்கும். காலின் முன்பக்கத்தில் கருமை படிந்திருக்கும். சேவலின் பொட்டு பெரியது, ஓரம் கலைந்து பின்னந்தலை வரை பரவியிருக்கும். இது நூற்றுக்கு நூறு பலிக்காது. வளர்ந்து பட்டை இறகு வந்ததும் சேவல் வெளிறித் தெரியும், பெட்டை கறுத்துத் தெரியும், அப்போது உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இதே பட்டை மரபணுவை வைத்து, தலைமுறை தலைமுறையாக நிறத்தாலேயே பிரிக்கக்கூடிய இனங்களை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கினார்கள். மரபியலாளர் ரெஜினால்ட் பன்னட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த வேலை அது. அங்கிருந்து வந்த லெக்பார் குஞ்சுகளில், பெட்டையின் முதுகில் அணிலுக்கு இருப்பதுபோலக் கோடுகள் பளிச்சென்று இருக்கும். சேவலுக்கு அந்தக் கோடுகள் மங்கி, தலையில் வெளிறிய திட்டு இருக்கும்.

கலப்புக் குஞ்சுகளில் ஒரு எச்சரிக்கை. சிவப்பு, வெள்ளி கலப்பில் வந்த குஞ்சுகளை வளர்த்து, அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்துப் பொரிக்க வைத்தால் இந்த நிற வித்தை வேலை செய்யாது. அது முதல் தலைமுறைக்கு மட்டும். பெற்றோர் யாரென்றே தெரியாத குஞ்சு என்றால் நிறத்தை மறந்துவிட்டு நேராகக் கீழே வரும் கால் வளையப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

முதல் மூன்று நாள்: சிறகு

எல்லாக் கோழியின் சிறகையும் விரித்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. தகப்பன் வேகமாக இறகு முளைக்கும் வகையாகவும், தாய் மெதுவாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். பொரிப்பகங்கள் இதற்காகவே தாய் தகப்பன் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். உங்கள் குஞ்சுகள் அப்படி வந்தவை என்று விற்றவர் சொன்னால் மட்டும் பாருங்கள்.

பார்க்கும் விதம் இது. குஞ்சை உள்ளங்கையில் உட்கார வைத்து, கட்டைவிரலால் சிறகின் முன் ஓரத்தை லேசாகப் பிடித்து விரியுங்கள். இழுக்க வேண்டாம். சிறகு ஓரத்தில் குருத்து இறகுகள் இரண்டு வரிசையாகத் தெரியும்: கீழே இருப்பவை பிறகு பறக்கும் இறகாகப் போகிறவை, மேலே இருப்பவை அவற்றை மூடும் இறகுகள். கீழ் வரிசை தெளிவாக நீண்டு, மேல் வரிசை குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ, மேல் வரிசை நீண்டோ இருந்தால் சேவல். இந்த வித்தியாசம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத்தான். அப்புறம் எல்லாம் வளர்ந்து ஒன்றாகிவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சுலபம். குஞ்சுக்குக் குளிர் தாங்காது, சட்டென்று பார்த்துவிட்டுச் சூட்டுப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தை அழுத்திப் பார்ப்பது

இதைச் செய்யாதீர்கள். 1920-களில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. ஒருநாள் குஞ்சின் எச்சத்துவாரத்தை விரித்து, உள்ளே ஊசி முனை அளவு மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேர்ந்தவர்கள் மணிக்குச் சுமார் ஆயிரம் குஞ்சுகளைப் பிரிப்பார்கள், நூற்றுக்கு 95-க்கு மேல் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கண் வர முறையான பயிற்சி வேண்டும். பெட்டைகளிலும் சிலவற்றுக்கு அந்த மொட்டு இருக்கும் என்பதால் வடிவத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு பிடிபட வேண்டும். பழகாத விரல் அழுத்தினால் குஞ்சின் குடல் நசுங்கும். வீட்டில் பத்துக் குஞ்சு வளர்ப்பவருக்கு இது தேவையே இல்லை. பொறுத்திருந்தால் கோழியே காட்டிவிடும்.

பொரிப்பகங்களுக்குப் பொறுக்க நேரமில்லை. முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சு அவர்களுக்குப் பயன்படாததால், அதை முதல் நாளே அழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடை செய்துவிட்டது. முட்டைக்குள்ளேயே கரு ஆணா பெண்ணா என்று கண்டறியும் கருவிகள் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. அதெல்லாம் பெரிய எந்திரங்கள், நமக்கு எட்டாதவை.

ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் அடையாளம்

பலர் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் உதவும். இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வெவ்வேறு நிறத்தில் சிறிய பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். கொண்டை, முதுகு, வால் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும்.

ஒரே நாளில் பொரித்த, ஒரே இனத்துக் குஞ்சுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தனியாக ஒரு குஞ்சைப் பார்த்து "கொண்டை பெரிசா இருக்கே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எதைவிடப் பெரியது என்பதுதான் கேள்வி. லெக்ஹார்ன் பெட்டைக்கே ஆறு வாரத்தில் கணிசமான கொண்டை வந்துவிடும். அதை வேறு இனத்துக் குஞ்சோடு வைத்துப் பார்த்தால் சேவல் என்றே தோன்றும்.

வளையத்தை மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். குஞ்சின் கால் வேகமாகத் தடிக்கும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள், இறுகினால் கழற்றிப் பெரியது போடுங்கள்.

இரண்டு முதல் ஐந்து வாரம்: வாலும் முதுகும்

இந்த வயதில் கொண்டையை விட இறகே அதிகம் சொல்லும். பல இனங்களில் பெட்டைக்கு முதலில் இறகு வரும். மூன்று வாரத்தில் அதன் வால் ஒரு சிறிய விசிறியாக நிற்கும், தோளும் முதுகும் மூடிக்கொண்டு வரும். சேவலுக்கு வால் குட்டையாக, கட்டையாக இருக்கும். முதுகில் சிறகுகளுக்கு நடுவே பஞ்சு உதிர்ந்து தோல் தெரியும். கனமான இனங்களில் நான்கு ஐந்து வாரத்தில்கூட சேவல் குஞ்சு அரைகுறை இறகோடு பரிதாபமாகத் திரியும். ஒரே தட்டில் தீனி தின்று வளர்ந்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால், அதன் பேருக்கு நேராகப் பென்சிலால் "சேவல்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றக் குஞ்சுகள் கொத்தியதாலும் முதுகு மொட்டையாகலாம். அப்படியானால் இறகு முளைத்து ஒடிந்த தடம், காயம், ரத்தப்பொட்டு ஏதாவது தெரியும்.

நான்கு முதல் எட்டு வாரம்: கொண்டை

இனி கொண்டை. நேராக ரம்பப் பல்லாக நிற்கும் ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களில் இது நன்றாகப் பிடிபடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மேலிருந்து பாருங்கள், பக்கவாட்டில் அல்ல. பெட்டையின் கொண்டை மெல்லியது, மஞ்சளோ வெளிறிய இளஞ்சிவப்போ, அடி குறுகல். சேவலின் கொண்டை அடியிலேயே தடித்திருக்கும். நிறம் அடியிலிருந்து நுனிவரை இளஞ்சிவப்பாக ஏறி, ஆறு வாரத்தில் சிவப்பாகிவிடும். அலகுக்குக் கீழே தாடியும் அதே நேரத்தில் சிவந்து தொங்கத் தொடங்கும். அளவும் நிறமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நான் நிறத்தைத்தான் நம்புவேன். ஆனால் ஓடி விளையாடிய கையோடும், பிடிக்கத் துரத்திய கையோடும் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் சிவந்துதான் தெரியும். காலையில், அமைதியாக இருக்கும்போது பாருங்கள்.

அசில் போன்ற, தலையோடு ஒட்டிய சிறு கொண்டை உள்ள இனங்களில் மேலிருந்து பார்த்தால் மூன்று வரிசைப் புடைப்புகள் இருக்கும். சேவலுக்கு மூன்றும் அகலமாகப் பிரிந்து சிவப்பாகத் தெரியும். பெட்டைக்கு நடுவரிசை மட்டும் மெல்லிய கோடாக, தோல் நிறத்திலேயே இருக்கும். வயண்டாட் போல தட்டையான கொண்டை உள்ளவற்றில் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

இதே காலத்தில் பல நிறம் கலந்த இனங்களில் இன்னொரு தடயம் கிடைக்கும். பெட்டையின் இறகு வடிவம் உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். சேவலின் தோளில், சிறகின் மேல்பகுதியில், திடீரென்று சிவப்போ பொன்னோ ஒரு திட்டு எட்டிப்பார்க்கும். ஒரே நிறக் கோழிகளில் இதற்கு வழியில்லை. கால் தடிப்பும் பாதத்தின் அகலமும் சேவலுக்குக் கூடுதல், ஆனால் ஒப்பிடக் கூடப்பிறந்தவை பக்கத்தில் இருந்தால்தான் அது உதவும்.

குணத்தை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நெஞ்சோடு நெஞ்சு மோதி சண்டை போடுவது சேவல் குஞ்சுதான் என்பார்கள். பெட்டைகளும் தங்களுக்குள் யார் பெரியவள் என்று தீர்க்க அப்படியே மோதும். ஏதாவது சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, மற்றவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும் குஞ்சு சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் பென்சில் குறிப்பாகவே வையுங்கள்.

பத்து முதல் பதினான்கு வாரம்: வால் அடி இறகு

ஒரே ஒரு அடையாளத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வெளிச்சத்தில் கோழியைக் கக்கத்தில் அணைத்துப் பிடியுங்கள், வால் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும். வாலுக்கு முன்னால், இடுப்பின் மேல், புதிதாக வரும் இறகுகளை விரலால் ஒதுக்குங்கள். பெட்டைக்கு அவற்றின் நுனி உருண்டையாக, மங்கலாக, முதுகு இறகு மாதிரியே இருக்கும். சேவலுக்கு ஒடுங்கி நீண்டு, நுனி கூராக, எண்ணெய் தடவியதுபோல மினுக்கும். அந்தக் கூர் இறகு ஒன்றிரண்டு தெரிந்தாலே போதும், பென்சில் குறிப்பை மையால் எழுதிவிடலாம். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு உண்டு. ஆனால் சில இனங்களில் பெட்டைக்கும் கழுத்து இறகு கொஞ்சம் கூராகத்தான் இருக்கும், அதனால் இடுப்பு இறகே நம்பகமானது. வாலில் வளைந்து தொங்கும் நீண்ட இறகுகள் இதற்குப் பிறகு வரும். அப்போது யாரும் கேட்க வேண்டியிருக்காது.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. செப்ரைட் இனத்தில் சேவலுக்கும் பெட்டையைப் போலவே உருண்டை இறகுதான்; அங்கே கொண்டையையும் குரலையும்தான் பார்க்க வேண்டும். சில்கியின் இறகு பஞ்சாகவே இருப்பதால் கூர் இறகைக் காண்பது கஷ்டம். அதன் தலைக் குடுமியில் பின்னோக்கி நீளும் மயிர் இழைகள் தெரிந்தால் சேவல் என்று சந்தேகிக்கலாம். பலருக்குச் சில்கி கூவும்வரை, இல்லை முட்டையிடும்வரை தெரியாது. நான்கைந்து மாதம் ஆகும்.

கூவல், முள், முட்டை

சில சேவல்கள் எட்டு வாரத்திலேயே கரகரவென்று முயற்சி செய்யும். சில ஐந்து மாதம்வரை வாயே திறக்காது, குறிப்பாக மூத்த சேவல் ஒன்று அங்கே இருந்தால். ஆகவே கூவவில்லை என்பதால் பெட்டை என்று சொல்ல முடியாது. இளம் கோழி கூவினால் ஏறக்குறைய நிச்சயமாகச் சேவல்தான். வயதான பெட்டை கூவுவது வேறு விஷயம். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்யும்; அது நோயில் கெட்டால் கொண்டை பெருத்து, கூவவும் தொடங்கலாம்.

கால் முள்ளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குஞ்சில் இரண்டுக்குமே அங்கே ஒரு சிறு பொட்டு இருக்கும், பெட்டைகளிலும் சிலவற்றுக்கு முள் வளரும்.

இன்னொரு குழப்பம் நான்கு ஐந்து மாதத்தில் வரும். அதுவரை வெளிறியிருந்த ஒன்றின் கொண்டை திடீரென்று சிவக்கும், "ஐயோ, சேவலா போச்சே" என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது முட்டையிடத் தயாராகும் பெட்டை. முதுகில் கை வைத்தால் சிறகை லேசாக விரித்துக் குந்துகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் துவாரத்துக்கு இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஒரு விரல் நுழைந்த இடத்தில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டை நெருங்கிவிட்டது.

பிரித்த பிறகு

சேவல்கள் பன்னிரண்டு வாரம் தாண்டியதும் பெட்டைகளின் மேல் ஏற முயலும். பெட்டைகளின் முதுகு இறகு உடைவதைப் பார்த்தால் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வெறும் முட்டை மட்டும் வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை. தீனியில் ஒரு கவனம் வேண்டும். முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு நான்கு பங்குவரை இருக்கும். அது இளஞ்சேவலுக்கும், இன்னும் முட்டையிடாத விடைக்கோழிக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் முட்டை வரும்வரை எல்லாவற்றுக்கும் வளர்தீனியே போடுங்கள். பிரித்த பிறகு பெட்டைகளுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கூண்டில்தான் விட முடியும் என்றால் எல்லாவற்றுக்கும் வளர்தீனியைத் தொடர்ந்து, சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய பெட்டை போய்க் கொத்திக்கொள்ளும்.